ஜி.கே. ஸாருக்குப் பத்துக் கேள்விகள்!

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். டீ வந்ததும், "லட்சத்தீவோட தலைநகரம் எது, சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே "கவரட்டி!" என்று சொல்லிவிட்டு, உலகக் கோப்பையை வாங்கின மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் ஆபீஸில் அவருக்குப் பெயர் ஜி.கே. ஸார். அதாவது, ஜெனரல் நாலெட்ஜ். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. 'தெரியாது' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து இருபது வருஷமாக யாரும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு சிஷ்யன். எங்கள் ஆபீஸில் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் தட்டும் தம்பி. அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர் சாதம், மறு கையில் கைடு.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"ஸார், தினமும் நீங்கதான் கேட்கறீங்க. இன்னிக்கு நான் கேட்கறேன். பத்து கேள்வி. அஞ்சு சரியாச் சொல்லிட்டீங்கன்னா எல்லாருக்கும் பஜ்ஜி, என் செலவு."

"சொல்லலைன்னா?"

"உங்க செலவு."

ஜி.கே. ஸார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நீங்களும் ஒரு பென்ஸிலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஸீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. செல்போன்? மூச்!

1. இந்தியாவின் தேசிய மொழி எது?

"தமிழ்நாட்டுக்காரன்கிட்டே கேட்கற கேள்வியாய்யா இது? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது!" என்றார் ஜி.கே. ஸார். சரியான விடை. அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு இந்தியை மத்திய அரசின் 'ஆட்சி மொழி' என்றுதான் சொல்கிறது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. 'தேசிய மொழி' என்று எதுவும் இல்லை. ஒரு மார்க்!

2. சரி, தேசிய விளையாட்டு?

"ஹாக்கி!" பட்டென்று வந்தது பதில். பட்டென்று போனது மார்க்கும். 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்டு மனுப் போட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று பதில் வந்தது மத்திய விளையாட்டு அமைச்சகத்திடமிருந்து! ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் நாம் எட்டுத் தங்கம் வாங்கியது உண்மை. அந்தப் பெருமையில் நாமாகவே கட்டிய பட்டம் இது. மொழி விஷயத்தில் உஷாராக இருந்த ஜி.கே. ஸார், ஹாக்கியில் கோட்டை விட்டார்.

3. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியா முதன்முதலாக ஜெயித்த மைதானம்?

"லார்ட்ஸ்!" ம்ஹூம். 1932-ல் முதல் டெஸ்ட் ஆடியது லார்ட்ஸில். 1983-ல் உலகக் கோப்பையை வாங்கியதும் அங்கேதான். ஆனால் முதல் டெஸ்ட் வெற்றிக்கு நாம் இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952 பிப்ரவரியில், விஜய் ஹஸாரே தலைமையில், நம் 25-வது டெஸ்டில் இங்கிலாந்தை ஒரு இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். வினூ மன்கட் மொத்தம் 12 விக்கெட். பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் இருவரும் செஞ்சுரி. மைதானம்? சாட்சாத் நம்ம சேப்பாக்கம்!

4. எவரெஸ்டை அளந்த சர்வேக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஊர் எது?

"காத்மாண்டு... இல்லே, டார்ஜிலிங்." இரண்டும் இல்லை. சென்னை, பரங்கிமலை! 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டே வடக்கே போனார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1852-ல், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்குப் போட்டுப் பார்த்து, பதினைந்தாம் நம்பர் சிகரம்தான் உலகத்திலேயே உயரம் என்று கண்டுபிடித்தார். அந்தச் சர்வேயை முன்பு நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1843-லேயே ரிட்டயர் ஆகிவிட்டார். கணக்குப் போட்டவர் ஒருத்தர், பெயர் வாங்கியவர் இன்னொருத்தர். ஆபீஸில் இருக்கிற நமக்கு இது புதுசா என்ன!

இன்னொரு வேடிக்கை. அந்த மனுஷர் தன் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தாராம். உலகமே தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உயரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தபடி 8,848.86 மீட்டர்.

5. நிலாவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒரே மனிதக் கட்டடம்?

"சீனப் பெருஞ்சுவர். இதுகூடத் தெரியாதா?" தெரியாதுதான்... சுவர்! நிலா இருப்பது 3,84,000 கிலோ மீட்டர் தூரத்தில். சுவர் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, அகலம் சில மீட்டர்தானே? நாலு கிலோ மீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு தலைமுடியைப் பார்ப்பது மாதிரி. இந்தக் கதை 1930-களிலேயே அச்சில் வந்துவிட்டது. அதாவது எந்த மனிதனும் விண்வெளிக்குப் போகும் முன்பே! 2003-ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, "சுவர் என் கண்ணில் படவில்லை" என்று உண்மையைச் சொன்னார். அவர் சுற்றியது நிலாவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பூமிக்கு மேலே சில நூறு கிலோ மீட்டரில்தான்.

6. முதல் தமிழ்ப் பேசும் படத்தில் ஹீரோ பேசிய மொழி?

"தமிழ்ப் படத்துல தமிழ்தான் பேசுவான். இதென்ன அசட்டுக் கேள்வி!" பேசினது தெலுங்கு ஸார்! 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்தில் ஹீரோயின் டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசுவார். ஹீரோ தெலுங்கில் பதில் சொல்வார். நடுவே வருகிறவர்கள் இந்தியில் வெளுத்து வாங்குவார்கள். எடுத்தது பம்பாயில், டைரக்டர் எச்.எம்.ரெட்டி. அந்த ராஜலட்சுமி சும்மா ஆளில்லை. 1936-ல் 'மிஸ் கமலா' படத்தை டைரக்ட் செய்து, தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் ஆனார்.

இதற்குள் ஆபீஸே சுற்றி நின்றுவிட்டது. ஸ்கோர்: ஆறுக்கு ஒன்று. ஜி.கே. ஸார் கைக்குட்டையை எடுத்தார்.

7. சூரியக் குடும்பத்தில் எத்தனை கிரகம்?

"ஒன்ப... இரு, இரு. எட்டு! புளூட்டோவைத் தூக்கிட்டாங்க." சபாஷ்! 1930-ல் கண்டுபிடித்த புளூட்டோவை, 2006 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் கூடிய சர்வதேச வானியல் சங்கம் 'குறுங்கோள்' என்று தனியே பிரித்துவிட்டது. நம் அப்பா காலத்துப் பாடப் புத்தகத்தில் ஒன்பது சரி. இன்றைக்கு எழுதினால் தப்பு.

8. மாதச் சம்பளம் 30 ரூபாய் வாங்கிய சென்னைத் துறைமுக குமாஸ்தா ஒருவர் உலகப் புகழ் பெற்றார். யார்?

"கணித மேதை ராமானுஜன்!" கரெக்ட். 1912 மார்ச்சில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் சேர்ந்தார். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தன்னை ஒரு குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருடைய திறமையை அறிந்து தட்டிக்கொடுத்தவர்கள் ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த அதிகாரிகள். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது.

"இன்னொரு ஆபீஸ்காரரும் உண்டு ஸார்" என்றார் தம்பி. சர் சி.வி.ராமன்! 1907-ல் கல்கத்தாவில் நிதித் துறையில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல். பகலெல்லாம் ஆபீஸ் ஃபைல். மற்ற நேரத்தில் பௌபஜார் தெருவில் இருந்த ஆராய்ச்சிக் கூடம். பத்து வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, 1917-ல் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார். 1928-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நாமெல்லாம் என்ன பண்ணுகிறோம் என்று யோசித்தால்... வேண்டாம், விடுங்கள்.

9. சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்ஸில் முதல் தனிநபர் மெடல் வாங்கித் தந்தவர்?

இந்தக் கேள்வியைப் படிக்கும்போது தம்பியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"லியாண்டர் பயஸ்! 1996, அட்லாண்டா, டென்னிஸ், வெண்கலம்!" வருஷம் சரி, ஊர் சரி, விளையாட்டு சரி. விடை மட்டும் தப்பு.

அதற்கு 44 வருஷம் முன்பே, 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கியவர் கே.டி.ஜாதவ். மகாராஷ்டிரத்தில் கராட் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமத்துக்காரர். பின்லாந்து போகக் கையில் காசில்லை. ஊரார் கைகொடுத்தார்கள். அவர் படித்த கல்லூரியின் பிரின்ஸிபாலே வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் தந்தார். மெடலோடு திரும்பியவரை மாட்டு வண்டிகளின் ஊர்வலத்தோடு அழைத்துப் போனார்கள். அப்புறம்? போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. நாடு மறந்தே போனது. 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்து சேர்ந்தபோது வருஷம் 2000.

"இவ்வளவு விவரமும் எங்கேய்யா புடிச்சே?" என்றார் ஜி.கே. ஸார்.

தம்பி காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வருஷம் நான் எழுதின பரீட்சையில இந்தக் கேள்வி வந்துது ஸார். அதுக்கு முந்தின வாரம்தான் டீ டயத்துல நீங்க பயஸ்னு சொன்னீங்க. அப்படியே போட்டேன். ஒரே ஒரு கேள்வியில போச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கே என்கிட்டே சொல்லியிருக்கலாமேப்பா..." ஜி.கே. ஸாருக்குக் குரலே எழும்பவில்லை.

"உங்க மேல தப்பில்லை ஸார். யார் சொன்னா என்ன, நான் ஒரு தடவை சரிபார்த்திருக்கணும். விடுங்க. கடைசிக் கேள்விக்கு வாங்க."

10. இரண்டுக்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியுமா?

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது. 8 என்றால் 3+5. 10 என்றால் 3+7. 100 என்றால் 3+97. இப்படியே எல்லா எண்ணுக்கும் வருமா?

"டி.என்.பி.எஸ்.சி. மாதிரியே ஆப்ஷன் தர்றேன் ஸார். ஏ, முடியும். பி, முடியாது. சி, ஆயிரம் வரைக்கும்தான். டி, கோடி வரைக்கும்தான். ஈ, விடை தெரியவில்லை." (2020-க்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக இந்த 'ஈ' கட்டமும் சேர்ந்துவிட்டது. தெரியாவிட்டால் அதை நிரப்ப வேண்டும்.)

ஜி.கே. ஸார் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். விட்டத்தைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் 'ஏ' என்று அடித்துவிட்டிருப்பார். அன்றைக்கு அடிக்கவில்லை. தம்பியை ஒரு தடவை பார்த்தார். மெதுவாகச் சொன்னார்.

"ஈ. எனக்குத் தெரியலைப்பா."

"கரெக்ட் ஸார்!" தம்பி துள்ளிக் குதித்தார். "உங்களுக்கு மட்டுமில்லே, உலகத்துல யாருக்குமே தெரியாது!"

1742-ல் கோல்ட்பாக் என்பவர் கணித மேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கிளப்பிவிட்ட புதிர் இது. கம்ப்யூட்டரை வைத்து நாலு என்ற எண்ணுக்குப் பின்னால் 18 பூஜ்யம் வரை சோதித்துவிட்டார்கள். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. ஆனால் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று இன்றுவரை ஒருத்தரும் நிரூபிக்கவில்லை. 'ஏ' என்று சொல்ல எல்லாருக்கும் ஆசை. கணக்கு வாத்தியார்கள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்!

ஆக, ஜி.கே. ஸார் வாங்கியது பத்துக்கு நாலு. பஜ்ஜி அவர் செலவு. கூடவே கெட்டிச் சட்னியும்.

உங்கள் ஸ்கோர் என்ன? எட்டுக்கு மேல் என்றால் உடனே ஏதாவது பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுங்கள். ஐந்து முதல் ஏழு என்றால் பஜ்ஜி வாங்கித் தர வேண்டியதில்லை, சாப்பிடலாம். ஐந்துக்குக் கீழே என்றால் கவலை வேண்டாம், ஜி.கே. ஸாருக்குத் துணை கிடைத்தது.

பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே தம்பி தன் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். மூன்றே வரி. 'முதல்' என்று கேள்வி வந்தால், எதில் முதல் என்று பார். விடையோடு வருஷத்தையும் எழுது. யார் சொன்னாலும் ஒரு தடவை சரிபார். ஆயிரம் பக்கக் கைடுக்கு இந்த மூன்று வரி சமம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் டீ வந்தது. ஜி.கே. ஸார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"உலகத்திலேயே நீளமான நதி எது, சொல்லு பார்ப்போம்..."

நாங்கள் அவர் வாயையே பார்த்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இரு. பார்த்துட்டு வந்து சொல்றேன்."