மோட்டார் கொட்டகைக் கதவில் ஒரு சுவரொட்டி

நெடுங்காட்டில் என் மோட்டார் கொட்டகைக் கதவில் "அணு உலை வேண்டாம்" என்று ஒரு சுவரொட்டி இருக்கிறது. 2012-ல் இடிந்தகரை மக்களுக்கு ஆதரவாக நாங்கள் கூட்டம் போட்டபோது ஒட்டியது. வெயிலிலும் மழையிலும் பாதி கிழிந்துபோச்சு. எடுக்க மனசு வரவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். டிப்ளமோ படித்துவிட்டு கல்பாக்கம் பக்கம் ஒப்பந்த வேலையில் இருக்கிறவன். வயலைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தேன். சுவரொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கதவுக்குப் பின்னால ஓடுற அஞ்சு எச்.பி. மோட்டார் எந்தக் கரண்டுல ஓடுது?"

"அரசாங்கக் கரண்டுலதாண்டா."

"அந்த அரசாங்கம் எங்கேருந்து வாங்குது? கூடங்குளத்துல முதல் ரெண்டு உலைக்கும் சேத்து 2,000 மெகாவாட். அதுல புதுச்சேரிக்கு 67 மெகாவாட் பங்கு இருக்கு. காரைக்கால் புதுச்சேரியோட சேர்ந்ததுதானே? கதவுல வேண்டாம்னு எழுதியிருக்கு, உள்ளே ஓடிக்கிட்டிருக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நம் இயக்கத்துத் தோழர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கணக்கு

காரைக்கால் சின்ன மாவட்டம். சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சி மட்டும் புதுச்சேரி. எங்களுக்கென்று இருக்கிற மின் நிலையம் திருமலைராயன்பட்டினத்தில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம். அதற்கான எரிவாயுவும் இந்த டெல்டா மண்ணைத் துளைத்து எடுத்ததுதான். மிச்சக் கரண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ராமகுண்டத்தின் நிலக்கரி, கல்பாக்கம், கூடங்குளம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. துறைமுகத்தில் வெளிநாட்டு நிலக்கரி இறங்குகிறது. நிரவியில் எண்ணெய் நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டது. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டம் உண்டு. இந்தப் பக்கம் கிடையாது, அது தமிழ்நாட்டுச் சட்டம். ஒரே காவிரி, ஒரே வண்டல், ஆனால் பாதுகாப்பு ஆற்றோடு நின்றுபோகிறது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30-ல், நம்மாழ்வார் ஐயா பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். எரிசக்திக்கும் சோற்றுக்கும் இடையில் நடக்கும் சண்டை எங்களுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை.

கூடங்குளத்தில் நடந்தது

இளைய உழவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். சோவியத் நாடே சிதறிப்போனதால் திட்டம் கிடப்பில் கிடந்து, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இடிந்தகரை மக்கள், 2004 ஆழிப்பேரலையை நேரில் பார்த்தவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள்.

தமிழ்நாட்டில் அப்போது கடுமையான மின்வெட்டு. "கூடங்குளம் வந்தால்தான் கரண்டு வரும்" என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. 2011 செப்டம்பரில் மக்கள் பயம் தீரும் வரை வேலையை நிறுத்தச் சொன்ன மாநில அமைச்சரவை, 2012 மார்ச்சில் வேலையைத் தொடரலாம் என்றது. 2012 செப்டம்பர் 10-ல் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அன்றைக்கு மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்கு. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலையை அனுமதித்தது. முதல் உலை 2014 கடைசியிலும் இரண்டாவது 2017-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. இன்னும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன.

"எரிசக்தி சுதந்திரம்" என்கிறார்களே

2047-க்குள் 1 லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. அப்போது நாட்டில் இருந்த திறன் 8,000 மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டியது, நாட்டின் மின்சாரத்தில் சுமார் 3 சதவீதம். 2025 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து தனியாருக்கும் கதவு திறந்தது. 2010 இழப்பீட்டுச் சட்டத்தில், பழுதான கருவி கொடுத்த நிறுவனத்திடம் உலை நடத்துகிறவர் இழப்பைத் திரும்பக் கேட்க வழி இருந்தது. புதுச் சட்டம் அதை எடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் சொல்லும் காரணம் எரிசக்தி சுதந்திரம். கூடங்குளத்து உலை ரஷ்யாவின் வடிவமைப்பு, எரிபொருளும் ரஷ்யாவிலிருந்து வருகிறது. நம் கடற்கரைத் தோரியத்தைப் பயன்படுத்தும் ஹோமி பாபாவின் மூன்று கட்டக் கனவு 1950-களில் போட்டது. அதன் இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் ஈனுலையை 2004-ல் கட்டத் தொடங்கினார்கள். உலையின் மையப் பகுதியை நிரப்ப ஆரம்பித்ததே 2024 மார்ச்சில்.

கழிவு இன்னொரு கவலை. எரிந்து முடிந்த எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். கல்லணைக்கு வயது சுமார் 2,000. அதைப்போல் 12 மடங்கு காலம் யாராவது காவல் இருக்க வேண்டும். கூடங்குளம் வளாகத்துக்குள்ளேயே கழிவைச் சேமிக்கும் திட்டத்துக்கு 2019 ஜூலையில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள்.

ஆனால் அக்கா மகன் சொன்னதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "அணு உலை வேணாம்னா நிலக்கரிதான் மாமா எரியும். அந்தப் புகையில கடல் மட்டம் ஏறினா முதல்ல முழுகுறது உங்க டெல்டாதான்." தப்பில்லை. 2018-ல் கஜா புயல் வந்துபோன பிறகு பருவம் கெடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணு உலை வேண்டாம் என்பவர், நிலக்கரியும் வேண்டாம் என்றால், என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று சொல்லத்தான் வேண்டும். அந்த "எவ்வளவு" என்ற இடத்தில்தான் நான் நோட்டை எடுத்தேன்.

யூரியா மூட்டைக்குள் டீசல்

எனக்கு மூணு ஏக்கர், ஒன்பது மா. ரசாயனம் போட்ட காலத்தில் குறுவைக்கு ஏக்கருக்கு மூணு மூட்டை யூரியா, மொத்தம் ஒன்பது மூட்டை. யூரியா எரிவாயுவிலிருந்து செய்வது. நம் ஆலைகளுக்குப் போகும் வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அரசு வகுத்த அளவுப்படி பார்த்தாலே ஒரு டன் யூரியாவுக்கு 55 லட்சம் கிலோகலோரி வெப்பம் வேண்டும். 45 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 29 லிட்டர் டீசலின் வெப்பம். ஒன்பது மூட்டைக்கு 260 லிட்டர். 266 ரூபாய் 50 காசுக்கு மூட்டை வாங்கினபோது இது கண்ணில் படவில்லை.

மோட்டாரையும் எழுதினேன். குறுவைக்கு 60 நாள், நாளுக்கு 6 மணி நேரம், மணிக்கு 4 யூனிட். மொத்தம் 1,440 யூனிட். வெப்பக் கணக்கில் 145 லிட்டர் டீசல். போனில் சொன்னேன். "மாமா, ஒரு பங்கு கரண்டு எடுக்க மின் நிலையத்துல மூணு பங்கு வெப்பம் போகும்" என்று திருத்தினான். அப்படியானால் 430 லிட்டர். ஆக, மோட்டார் தின்றதில் பாதிக்கு மேல் யூரியா மூட்டையும் தின்றிருக்கிறது. கூடங்குளத்தை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டினபோது நான் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

மூட்டையை விட்டுப் பல வருஷம் ஆச்சு. கோடை மழையில் தக்கைப்பூண்டு தெளித்து, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். அமுதக்கரைசல், மாட்டு எரு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்க ஆலைக்கு எரிவாயு வேண்டும், தக்கைப்பூண்டு வேர் முடிச்சுக்கு வெயில் போதும். முதல் மூணு வருஷம் விளைச்சல் விழுந்தது உண்மை. வீட்டில் பேச்சு வாங்கினதும் உண்மை.

மோட்டாரைக் குறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாங்கள் கடைமடை. மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் வந்து சேர நாளாகும். இப்போது ஒரு ஏக்கர் மட்டும் குறுவை, அதுவும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக. மற்ற இரண்டு ஏக்கரில் ஆற்றுத் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பிச் சம்பா, அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பு. வருமானத்தில் ஒரு போகம் போச்சு. மோட்டார் 6 மணி நேரம் ஓடின இடத்தில் 2 மணி நேரம் ஓடுகிறது.

எந்த நேரத்துக் கரண்டு?

இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது. எனக்கு மோட்டார் வேண்டியது கோடையிலும் குறுவையிலும், அதுவும் பகலில். முப்பந்தலிலும் கூடங்குளத்தைச் சுற்றியும் நிற்கும் காற்றாலைகள் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் வேகமாகச் சுற்றும். வெயிலும் அப்போது குறைவில்லை. மழைக்காலத்தில் காற்றும் வெயிலும் அடங்கும்போது எங்கள் மோட்டாருக்கும் வேலை இல்லை. இராப்பகலாக ஓடியே ஆக வேண்டிய அணு உலை நகரத்துக்கும் ஆலைக்கும் வேண்டுமோ என்னவோ, நெல் வயலுக்கு வேண்டியதில்லை. நடுராத்திரி டார்ச்சோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து போகிற வேலையும் மிச்சம்.

அதற்காகச் சூரிய மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். மத்திய, மாநில மானியம் என்றதும் ஆசை வரும். பில் இல்லாத தண்ணீரை நிறுத்தாமல் இறைப்போம். கடலோர மண்ணில் இனிப்புத் தண்ணீர் கீழே போகப் போக உப்புத் தண்ணீர் உள்ளே வரும். முதலில் தண்ணீர்த் தேவையைக் குறையுங்கள், அதற்கேற்ற சின்ன மோட்டாரைப் பிறகு வையுங்கள்.

தோழர்களே, நெல் வயலை வைத்து ஒரு நாட்டின் மின்சாரத்தை மாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நாட்டுக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும்" என்று மேடையில் சொல்லும்போது அதில் நம் மோட்டாரும் நம் மூட்டையும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தேவைக்காகக் கடலையும் வீட்டையும் பணயம் வைக்கச் சொன்னது இடிந்தகரை மக்களை. அவர்கள் பக்கம் நிற்கிறோம் என்றால், நம் பங்கை முதலில் குறைத்துக் காட்டணும்.

ஒரு போகத்துக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை மூட்டை, எத்தனை மணி நேர மோட்டார், உழவுக்கும் அறுப்புக்கும் எத்தனை லிட்டர் டீசல். அறுவடை இயந்திர டீசலை நான் இன்னும் எழுதவில்லை, இந்தத் தையில் எழுதப் போகிறேன். உங்கள் கணக்கை இதழுக்கு அனுப்புங்கள்.

சுவரொட்டியை நான் எடுக்கவில்லை. அதற்குக் கீழே கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்: குறுவை, 1 ஏக்கர், 2 மணி நேரம். அடுத்த பொங்கலுக்கு அக்கா மகன் வந்து பார்க்கட்டும்.