சம்சு: ஒரு சொல்லாராய்ச்சி

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்க்குச் 'சம்சு' இன்னதென விளக்க வேண்டுவதில்லை. அது குடித்த குடும்பங்கள் பல. ஆயினும் அச்சொல் எம்மொழிக்குரியது, அதன் பொருள் யாது என வினவினால் விடை கூறுவோர் சிலரே.

ஒலியொப்புமை ஒன்றே கொண்டு, 'சம்சுதீன்' என்னும் பெயரிலுள்ள அரபுச் சொல்லோடு இதனை இணைத்தல் பிழையாம். அது கதிரவனைக் குறிப்பது, இது வேறு. மலாயிலும் 'சம்சு' உண்டு. எனினும் அங்கும் அது வந்து வழங்கிய சொல்லே.

இதன் பிறப்பிடம் சீனமென்பதே பெரும்பாலோர் கருத்து. கண்டோனிய வழக்கில் 'சாம்' என்பது மூன்று. 'சியூ' என்பது எரித்தல். எனவே, மும்முறை காய்ச்சி வடித்தது என்பது பொருளாயிற்று. 1886-இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இவ்விளக்கத்தைத் தருகின்றது; ஐயுற்றார் கருத்தையும் உடன் குறிக்கின்றது. ஆனால் சீனர் வடித்த மதுவை 'எரித்த மது' என்றே வழங்குவர். 'பிராந்தி' என்பதும் அதே பொருளுடைய டச்சுச் சொல்லினின்று வந்ததே. நாமும் சாராயத்தைக் 'காய்ச்சுதல்' என்றே கூறுகிறோம். ஆதலின் இவ்விளக்கம் பொருந்துவதேயாம்.

சம்சு வேறு, கள் வேறு. தோட்டக் கள்ளுக்கடையில் விற்ற கள், மரத்தினின்று இறக்கியபின் தானே புளித்து வெறியேறுவது, அடுப்பேறாதது. பண்டைத் தமிழர் வழங்கிய 'தேறல்' தெளிந்தது, 'அரியல்' அரித்தெடுத்தது. இவையும் செய்முறையாற் பெற்ற பெயர்களே. ஆனால் தீயைச் சுட்டுவன அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை நாடிச் சீனர் திரளாக வந்தனர். ஈப்போவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் அவர்க்கு அண்டையராய் வாழ்ந்த தமிழர், அவர்களிடமிருந்து நேரேயோ மலாய் வழியாகவோ இச்சொல்லைக் கொண்டது இயல்பே. 'உ' என்னும் ஈறு தமிழுக்கு இசைந்ததாகலின் அது அயன்மை தோன்றாமல் நிலைத்தது.

மும்முறை வடித்தல் மதுவின் வன்மையைக் கூட்டும் முறையாகும். நாளடைவிலோ, கூலிக்காரன் கைக்கு எட்டும் மலிவுச் சரக்கிற்கே அப்பெயர் உரியதாயிற்று. கள்ளத்தனமாய்க் காய்ச்சியதில் மெத்தனால் நஞ்சு கலந்து, கண்ணிழந்தாரும் உயிரிழந்தாரும் உளர். பொருள் தாழ்ந்தும் பெயர் தாழவில்லை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்து மறைந்தன, சொல் மறையவில்லை. மலேசியத் தமிழ்க் கதைகளில் இது வருங்கால், ஆசிரியர் 'ஒருவகை மது' என்று கூறிக் கடந்துவிடலாகாது. திசைச்சொல்லுக்கு நம் மண்ணிலேயே கிடைத்த எடுத்துக்காட்டு இது. அதனோடு நம் மக்கள் பட்ட துயரின் வரலாறும் இதில் அடங்கியுள்ளது. இரண்டையும் மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடன்.