நூலகத்தில் வியாக்கியானம் தேடும் நெறி: கல்லூரி மாணவர்க்குச் சில குறிப்புகள்

பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களை அறிவதற்கு நமக்கு வாய்த்த முதல் வழி காலக்ஷேபம். ஆசார்யன் திருவடிகளில் அமர்ந்து கேட்பவனுக்கு, எப்பொருளை யார் அருளிச்செய்தார், அதற்குப் பிரமாணம் எது, பாடபேதம் உண்டா என்பவையெல்லாம் கேள்வியிலேயே கிடைத்துவிடும். இன்று தமிழ், வடமொழி, தத்துவம் ஆகிய துறைகளில் பட்டம் பெறும்பொருட்டு அருளிச்செயலை ஆராயப் புகும் மாணவர் பலருக்கு அவ்வாய்ப்பு அமைவதில்லை. அவர்கள் நூலகத்தையே நம்ப வேண்டியுள்ளது. நூலகமோ கேட்ட நூலைத் தருமேயன்றி, கேட்க வேண்டிய நூல் எது என்பதைத் தானாகச் சொல்லாது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பிற்கால நூல் ஒன்றிற் கண்ட வாக்கியத்தை ‘ஈட்டில் இவ்வாறு உள்ளது’ என்று மாணவர் ஒருவர் எடுத்தெழுதுவார். அவருடைய ஆய்வேட்டை அடுத்தவர் சான்றாகக் கொள்வார். இவ்வாறு நாளடைவில், ஆசார்யர் அருளிச்செய்யாத ஒரு பொருள் அவர் திருநாமத்தாலேயே வழங்கத் தொடங்கும். இதனைத் தவிர்க்கும் வழி, மூலத்தைத் தானே எடுத்துப் பார்ப்பதுதான். அதற்குரிய முறையை ஒரு பாசுரத்தைக் கொண்டு காண்போம்.

திருவாய்மொழி 2.3.3 பாசுரத்திற்கு இரு நிர்வாகங்கள் உண்டு என்பது கற்றோர் அறிந்தது. உடையவர்க்குத் திருவாய்மொழி சாதித்த திருமாலையாண்டான், ஆழ்வார் தம் இழவைச் சொல்லுவதாகப் பொருள் அருளிச்செய்தார். முன்னும் பின்னும் ப்ரீதி செல்லுகிற திருவாய்மொழியில் இழவு பொருந்தாது என்று கொண்ட உடையவர், சொற்களின் அந்வயத்தை மாற்றி, எம்பெருமான் செய்த உபகாரத்தையே ஆழ்வார் பேசுவதாக அருளிச்செய்தார். ‘இவ்விரு நிர்வாகங்களையும் மூலங்களிலிருந்து காட்டுக’ என்று மாணவர் ஒருவர்க்குப் பணி தரப்பட்டதாகக் கொள்வோம். அவர் எங்கே தொடங்குவது?

நூற்பெயரில் வரும் மயக்கம்

முதலில் அவர் ஆறாயிரப்படியைத் தேடலாம். உடையவர் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய அவ்வியாக்கியானமே திருவாய்மொழிக்கு எழுந்தவற்றுள் முற்பட்டது. ஆனால் நூலகப் பட்டியலில் ‘ஆறாயிரப்படி’ என்று தேடினால் மூன்று வேறு நூல்கள் முன்னிற்கக் கூடும்: பிள்ளானுடைய வியாக்கியானம், திருப்பாவைக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளியது, பின்பழகிய பெருமாள் ஜீயருடைய குருபரம்பராப்ரபாவம். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவை ஒரு கிரந்தமாக எண்ணி, அத்தொகையால் நூலை வழங்கியதன் விளைவு இது. ‘படி’ என்பது நூலின் அளவைக் குறிக்குமேயன்றிப் பொருளைக் குறிக்காது. ஆகவே எண்ணோடு மூலநூலின் பெயரையும் வியாக்கியாதாவின் திருநாமத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

ஈட்டைத் தேடுவதில் இதற்கு நேர்மாறான இடர்ப்பாடு உண்டு. அங்கே ஒரே நூல் பல பெயர்களுள் மறைந்திருக்கும். நம்பிள்ளை அருளிச்செய்யக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய அந்நூலை ஒரு நூலகம் நம்மாழ்வார் பெயரிலும், மற்றொன்று நம்பிள்ளை பெயரிலும், வேறொன்று வடக்குத் திருவீதிப் பிள்ளை பெயரிலும் பதிந்திருக்கலாம். தலைப்பும் ஈடு, முப்பத்தாறாயிரப்படி, பகவத் விஷயம், திருவாய்மொழி வியாக்கியானம் எனப் பலவாறாக அமையும். எழுத்து வடிவிலும் ஆசார்யர், ஆசாரியர், ஆச்சாரியார் என்ற வேறுபாடுகள் உள. ஒரு பெயரால் கிடைக்கவில்லை எனில் நூலகத்தில் நூலே இல்லை என்று முடிவு செய்தலாகாது.

அலமாரியில் தேடுதல்

தூவி தசமப் பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களில் வைணவ சமய நூல்கள் 294.5512 என்ற எண்ணின்கீழும், தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணின்கீழும் வரும். திவ்யப் பிரபந்தம் சமயமும் இலக்கியமும் ஆதலால், அதன் பதிப்புகள் இவ்விரு இடங்களிலும் பிரிந்து கிடப்பதுண்டு. வடமொழிப் பகுதியில் ஒதுங்கியிருப்பனவும் உண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அவ்விதி நிறைவேற வாசகரும் உதவ வேண்டும். தமக்கு வேண்டுவது இன்னதென நூலகரிடம் தெளிவாகச் சொல்லி, இரண்டு மூன்று பகுதிகளையும் பார்த்தாலன்றித் தேடல் முடிந்ததாகாது.

மேற்கோள் எண்

திருவாய்மொழியைப் பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்ற மூன்று எண்களால் குறிப்பதே நன்று. 2.3.3 என்றால் எப்பதிப்பிலும் அதே பாசுரம் கிடைக்கும். நாலாயிரத்தின் தொடரெண்ணை மட்டும் தந்தால், மடல்களைக் கணக்கிடும் முறை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால் வாசகர் வேறு பாசுரத்தில் சென்று நிற்பார். பக்க எண்ணைத் தரும்போது பதிப்பாசிரியர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் உடன் தர வேண்டும்.

வியாக்கியானங்களைப் பார்க்கும் வரிசை

மணிப்பிரவாளத்தில் பழக்கமில்லாதவர் வாதிகேசரி அழகிய மணவாள ஜீயருடைய பன்னீராயிரப்படியிலிருந்து தொடங்கலாம். அது பதப்பொருளைத் தெளிவாகத் தருவது. அதன்பின் காலவரிசைப்படி பிள்ளானுடைய ஆறாயிரப்படி, நஞ்சீயருடைய ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, ஈடு என்று பார்த்துச் செல்க. எவ்வியாக்கியானத்தில் இரு நிர்வாகங்களும் திருநாமத்தோடு உள்ளன, எதில் பொருள் மட்டும் பெயரின்றி வந்துள்ளது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்க. பெயரின்றி வந்ததற்கு நாமாகப் பெயர் சூட்டலாகாது.

ஈட்டின் அருஞ்சொற்களுக்கு அரும்பதவுரைகள் துணைசெய்யும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பல சொற்களுக்கு ஈட்டையே மேற்கோள் காட்டுகிறது. மாணவர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கமும் காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமியின் திவ்யார்த்த தீபிகையும் பொருள் விளங்கப் பேருதவியாவன. ஆயினும் ‘ஈடு கூறுகிறது’ என்று எழுதுமிடத்து ஈட்டையே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

பிரமாணம் தேடுதல்

வியாக்கியாதாக்கள் ஸ்ரீராமாயணம், மஹாபாரதம், ஸ்ரீவிஷ்ணுபுராணம் முதலியவற்றிலிருந்து பெரும்பாலும் சுலோகத்தின் ஒரு துண்டையே எடுப்பர். அவற்றின் இடமறிய மணவாள மாமுனிகள் தொகுத்தருளிய ஈட்டுப் பிரமாணத் திரட்டை முதலில் காண்க. அச்சுநூலில் சரிபார்க்கையில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பரோடா கீழ்த்திசை நிறுவனம் 1960 முதல் 1975 வரை வெளியிட்ட ஸ்ரீராமாயண ஆய்வுப் பதிப்பில், தென்னாட்டுப் பாடத்திற்கே உரிய சுலோகங்கள் பல மூலத்தில் இடம்பெறாமல் அடிக்குறிப்பிலோ பிற்சேர்க்கையிலோ உள்ளன. நம் ஆசார்யர்கள் ஓதியது தென்னாட்டுப் பாடம். ஆய்வுப் பதிப்பின் மூலத்தில் காணவில்லை என்பதால் ‘இச்சுலோகம் ராமாயணத்தில் இல்லை’ என்று எழுதிவிடாமல், அடிக்குறிப்பையும் கோவிந்தராஜர் உரையோடு கூடிய பதிப்பையும் பார்த்த பின்னரே சொல்ல வேண்டும்.

பழைய அச்சும் ஓலையும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் நம் சம்பிரதாய நூல்கள் பல தெலுங்கு லிபியிலும் கிரந்த லிபியிலும் அச்சேறின. இவ்விரு எழுத்துகளையும் வாசிக்கப் பழகியவர்க்கு, பிறர் தொடாத அலமாரிகள் திறக்கும். பழைய பதிப்புகளில் பிரபவ முதலான ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பின், அது அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது என்பதை நினைந்து வேறு சான்றும் தேடுக. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1886இல் தோன்றிய அடையாறு நூலகம், தஞ்சை சரஸ்வதி மஹால் ஆகியவற்றில் சுவடி காண விரும்புவோர், அச்சிட்ட விவர அட்டவணையில் சுவடி எண்ணை முன்னரே குறித்துச் செல்வது நலம். ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடும் தோன்றா. ஆதலால் பாடபேதம் என்று முடிவு செய்யுமுன், அது எழுத்து மயக்கமா என்று ஆராய்க.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை அரிய பதிப்புகளை வீட்டிலிருந்தே காண வழிசெய்துள்ளன. ஆனால் பக்கங்கள் படங்களாக ஏற்றப்பட்ட நூலில் சொல்லைத் தட்டித் தேடுவது பயன்படாது. எழுத்தாக உள்ளவற்றிலும் சந்தியாலும் கிரந்த எழுத்தாலும் சொல் உருமாறி நிற்கும். அங்கும் பக்கம் பக்கமாகப் படித்தே ஆக வேண்டும்.

குறிப்பெடுக்கும்போது ஆசார்யரின் வாக்கியத்தையும் தம் சுருக்கத்தையும் வெவ்வேறாக எழுதி, மூலத்தில் கண்டதா, பிறர் வழி அறிந்ததா என்பதையும் அருகே குறிக்க வேண்டும். இது நமக்குப் புதிய நெறியன்று. 2.3.3இல் உடையவர் நிர்வாகமே சுவைமிக்கதாகக் கொள்ளப்பட்ட பின்னும், ஈடு ஆண்டானுடைய நிர்வாகத்தை விட்டுவிடாமல் அவர் திருநாமத்தோடே காத்துவைத்திருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி, சொன்னவர் பெயரோடு ஒப்படைக்கும் அக்கவனத்தோடு மாணவர்கள் நூலகத்தில் புகுவார்களாயின், அவர்கள் எழுதும் ஏடுகளைச் சம்பிரதாயப் பெரியோர்களும் நம்பிக் கையில் எடுப்பர்.