பனிக்கடியில் ஒரு பந்தி

வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கையில் துருவ மான்கள் எதைத் தின்று பிழைக்கின்றன என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். பெரும்பாலும் லைக்கன்தான். செட்டிநாட்டுக் குழம்பில் நாம் தாளிக்கும் கல்பாசியும் ஒரு லைக்கனே. பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்வதே லைக்கன் என்பது பள்ளிப்பாடம்; ஆகவே நேரே மானிடம் போவோம்.

லைக்கனில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையை மானின் உடலே ஈடுகட்டுகிறது. சிறுநீரில் போகவேண்டிய யூரியாவில் ஒரு பங்கை இரைப்பைக்கே திருப்பி அனுப்புகிறது; அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் ஆக்கித் தருகின்றன.

இதைவிட என்னை வியக்கவைப்பது அதன் கண். விழித்திரைக்குப் பின்னால் ஒளியை எதிரொளிக்கும் படலம் ஒன்று உண்டு. கோடையில் பொன்னிறமாக இருக்கும் அது, குளிர்காலத்தில் அடர்நீலமாக மாறிவிடுகிறது. அரையிருளிலும் கிடைத்த ஒளியை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள இது உதவுகிறது. நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியும் மானுக்குத் தெரியும். பனி அந்த ஒளியைத் திருப்பியடிக்கிறது; லைக்கனோ உறிஞ்சிக்கொள்கிறது. நமக்குப் பனியோடு பனியாகத் தெரியும் வெளிறிய லைக்கன், மானுக்குக் கருந்திட்டாகத் தெரியும். பனிக்கடியில் புதைந்திருந்தாலும் மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்றுவிடும்.

இத்தனை திறமை இருந்தும், லைக்கன் தீர்ந்தால் மான் இல்லை. நம் விரல்நகம் ஒரு மாதத்தில் வளரும் அளவுதான் லைக்கன் ஓராண்டில் வளரும். 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 29 துருவ மான்களை விட்டது. ஓநாய் இல்லாத தீவு. 1963-ல் மந்தை 6,000 ஆனது. லைக்கன் படுகை மேய்ந்து தீர்ந்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் மான்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1966-ல் எஞ்சியவை 42.

அந்தத் தீவில் மான்கள் செய்ததை வேறிடங்களில் மனிதர்கள் செய்கிறோம். சுவீடனில் லைக்கன் செழித்த காடுகள் 60 ஆண்டுகளில் 71 விழுக்காடு குறைந்துவிட்டன. மரத்தை அடியோடு வெட்டி, மண்ணைக் கிளறி, நெருக்கமாக நட்டு வளர்க்கும் காட்டில் நிழல் கவிந்து லைக்கன் ஒடுங்கிவிடுகிறது. அங்கே மான் மேய்க்கும் ‘சாமி’ என்னும் பழங்குடி மக்கள் தீவனம் வாங்கிப்போட வேண்டியிருக்கிறது. புதுக்கன்று நட்டாயிற்று, கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மரத்தடியில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மேய்ச்சலும் அந்தக் கணக்கில் வர வேண்டும். வெட்டுமுன் அங்கே மான் மேய்ப்பவரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்டை விட்டுவிட வேண்டும்.