நீலப்பறவைகள்: மகளை அனுப்பலாமா?



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "சாமி, பள்ளிக்கூடத்துல பாப்பாவ நீலப்பறவையில சேக்கச் சொல்றாங்க. பொம்பளப் பிள்ளைய அனுப்பலாங்களா?" அருகில் நின்ற அவரது கணவர், "ஆனை நடமாடுற ஊர்ல பிள்ளை வீட்ல இருக்கிறதுதான் நல்லது" என்றார். தேவர்சோலையில் வாழும் நமக்கு இந்த அச்சம் புரியாததல்ல. எனவே இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நீலப்பறவைகள் யார்?

1907-இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சிறுவர்களுக்கு முகாம் நடத்தினார். 1909-இல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகள் சிலர் தாங்களாகவே வந்து நின்று, தங்களுக்கும் இடம் கேட்டனர். மறு ஆண்டே அவருடைய சகோதரி ஆக்னஸின் தலைமையில் பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. 1911-இல் அது ஜபல்பூரில் தொடங்கி இந்தியாவில் கால் பதித்தது. 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. 1951-இல் பெண்கள் அமைப்பும் அதனுடன் இணைந்தது.

இவ்வியக்கத்தில் பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நாம் நீலப்பறவைகள் என்கிறோம். பிற மாநிலங்களில் 'புல்புல்' என்பர். புல்புல் வேறொன்றுமல்ல, நம் தேயிலைச் செடிகளுக்கிடையே கூவும் கொண்டைக்குருவிதான். பத்து வயதுக்குப் பின் அவர்கள் சாரணியர் ஆகிறார்கள்.

என்ன கற்கிறார்கள்?

சிறுமிகள் அறுவர் அறுவராகச் சிறு குழுக்களாய்ப் பிரிக்கப்படுகின்றனர். குழுவை நடத்துபவள் அவர்களுள் ஒருத்தியே. விளையாட்டு, கதை, பாட்டு, முடிச்சுப் போடுதல், தூய்மை, முதலுதவி ஆகியவற்றோடு, நாள்தோறும் ஒரு நற்செயல் செய்யும் பழக்கமும் உண்டு.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் காலையில் கொழுந்து பறிக்கப் போனபின், லைன் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? பல வீடுகளில் மூத்த பெண் குழந்தைதான். பொறுப்பை ஏற்கெனவே அவள் தோளில் வைத்துவிட்டோம். அதற்கான பயிற்சியை மட்டும் கொடுக்கவில்லை. தம்பி மேல் சுடுநீர் கொட்டினால் என்ன செய்வது? மழையில் மண் சரிந்தால் யாரிடம் ஓடுவது? 2019 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியதை மறக்க முடியுமா? ஆபத்து வரும் வேளையில் நாம் அருகில் இல்லாமல் போகலாம். அப்போது அவளுக்குக் கைகொடுப்பது அவள் கற்றதுதான்.

நம் விசுவாசத்திற்கு இடையூறா?

இல்லை. அவர்கள் எடுக்கும் உறுதிமொழி கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமையைக் கூறியே தொடங்குகிறது. எந்தச் சமயத்தையும் அது விடச் சொல்வதில்லை. 1920-இல் பிரான்சில் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இயேசு சபைக் குரு ஜாக் செவேன், 2012-இல் வணக்கத்திற்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

கையெழுத்திடும் முன்

பன்னிரண்டு வயது இயேசு பயணிகள் கூட்டத்தோடுதான் வருகிறார் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் தூரம் நடந்துவிட்டனர். பின்பு அவரைக் கண்டடையும்வரை அவர்கள் பட்ட வேதனையை நாம் அறிவோம். நாமும் 'டீச்சர் பார்த்துக்கொள்வார்' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கேளுங்கள்: குழுவை நடத்தும் பெண் தலைவர் முறையான பயிற்சி பெற்றவரா? முகாமில் எத்தனை பெரியவர்கள் உடனிருப்பர்? கழிப்பறை வசதி உண்டா? இருட்டும் முன் பிள்ளைகள் வீடு திரும்புவார்களா? ஞாயிறு திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் தடை வராதா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தபின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள். மகள் திரும்பி வந்ததும் அருகில் அமர்த்தி, நடந்ததைக் கேளுங்கள். ஏதேனும் ஒன்று தனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், அவளை நம்புங்கள்.

இந்தச் சிறுமிகள் பெறும் விருதுகளுக்கு வெள்ளிச் சிறகு, பொன் சிறகு, வைரச் சிறகு எனப் பொருள்படும் பெயர்கள் உண்டு. இறைவன் கொடுத்த சிறகை அச்சத்தால் கட்டிவைக்க வேண்டாம். விசாரித்து, செபித்து, மகிழ்வோடு அனுப்புவோம்.