குளிர் கொல்லாத கொடி: இக்கேடா நகரசபையின் வைன்

யப்பானில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது ஒரு வைன் போத்தல் கொண்டுவந்தார். நாவற்பழச் சாறு போலக் கறுத்த நிறம். முதல் மிடறிலேயே புளிப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. எந்தக் கொம்பனியின் வைன் என்று கேட்டேன். கொம்பனி இல்லை, ஒரு நகரசபை என்றார். நகரசபை வைன் வடிக்குமா? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

போத்தலில் இருந்த பெயர் டொக்காச்சி வைன். ஊர் இக்கேடா. யப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கிழக்கே, டொக்காச்சி சமவெளியில் இருக்கிறது. இன்று அங்கே ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள்.

1952 மார்ச் 4ஆம் திகதி அந்தக் கரையோரக் கடலில் 8க்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இடிந்ததைக் கட்டி முடிக்கும் முன்பே 1953இலும் 1954இலும் கோடையில் வெயில் ஏறவில்லை. குளிரில் பயிர்கள் விளையாமலே போயின. வரி கட்ட மக்களிடம் ஒன்றுமில்லை. சபையின் கடன் ஏறி, 1956இல் இக்கேடா நிதி முறிந்த சபையாக அறிவிக்கப்பட்டு மேலிடத்தின் கண்காணிப்புக்குள் போனது. செலவுக்கு மேலே கையை எதிர்பார்த்து நிற்கும் உள்ளூராட்சி சபை எப்படி இருக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1957இல் மருத்தானி கனேயசு என்பவர் அங்கே தலைவராகத் தெரிவானார். எங்கள் தவிசாளர் பதவி போன்றது அது. அவருடைய கணக்கு எளிமையானது. வயலில் எல்லாம் செத்துப்போன குளிர் ஆண்டுகளிலும் மலைச் சரிவுகளில் காட்டு முந்திரிகை காய்த்துக் குலுங்கியது. முந்திரிகை என்று நான் சொல்வது திராட்சையைத்தான். பயிரிட உதவாது என்று விடப்பட்ட சரிவுகளும் சும்மா கிடந்தன. அப்படியென்றால் அங்கே முந்திரிகை நடலாமே என்றார். ஊர் இளைஞர்கள் 1960இல் ஒரு சங்கமாகச் சேர்ந்து நடத் தொடங்கினார்கள்.

கணக்கு முதலில் பிழைத்தது. வெளியிலிருந்து வாங்கி நட்ட நல்ல இனக் கொடிகளில் பெரும்பாலானவை பனிக்காலத்தில் பட்டுப்போயின. அங்கே இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பால் இறங்கும். ஆனால் கொடியைக் கொல்வது குளிர் மட்டுமல்ல. ஹொக்கைடோவின் மேற்கே, யொய்ச்சி போன்ற இடங்களில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். கொடியைச் சாய்த்து விட்டால் அந்தப் பனியே போர்வையாகிவிடும். டொக்காச்சியில் பனிப்பொழிவு குறைவு, வானம் வெளித்திருக்கும், காற்றும் வறண்டது. போர்வையில்லாத நிலம் ஆழத்துக்கு உறைந்துவிடும். வேரால் நீர் எடுக்க முடியாமல் கொடி உறைந்தும் காய்ந்தும் சாகிறது.

இதற்கிடையில் காட்டுப் பழத்திலேயே கைவைத்தார்கள். அது அமூர் ஆற்றுப் பக்கத்துக் காட்டு முந்திரிகைக்கு உறவானது என்று தெரியவந்தது. 1963இல் பரீட்சார்த்தமாக வைன் வடிக்க அனுமதி கிடைத்தது. யப்பானில் ஓர் உள்ளூராட்சி சபை வைன் வடித்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு புடாபெஸ்ட் சர்வதேசப் போட்டியில் அந்தக் காட்டு வைனுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

போட்டிக்குப் போன வைனின் பெயரில் ‘ஐனு’ என்ற சொல் இருந்தது. ஐனுக்கள் ஹொக்கைடோவின் பூர்வகுடிகள். அந்தக் கொடியின் பட்டையில் செருப்புப் பின்னியவர்கள். 1869இல் அரசு தீவுக்குப் புதுப் பெயர் வைத்து, குடியேற்றங்களை நடத்தி, அவர்களுடைய நிலத்தையும் மொழியையும் ஒடுக்கியது. அவர்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுத 2019 வரை சென்றது. போத்தலில் பெயர் ஏறியது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு. இக்கேடாவை நான் மெச்சினாலும் இந்த இடத்தில் எனக்கு நெருடத்தான் செய்கிறது.

காட்டு முந்திரிகை குளிர் தாங்கும், ஆனால் பழம் சிறிது, புளிப்பு அதிகம், ஆண் கொடி வேறு பெண் கொடி வேறு. சபையின் ஆராய்ச்சி நிலையம் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு கலப்பினத்திலிருந்து சிறந்த கொடிகளைத் தெரிந்து ‘கியோமி’ என்ற இனத்தை எடுத்தது. நல்ல வைன் தந்தது. ஆனால் ஒவ்வொரு இலையுதிர்கால முடிவிலும் கொடியை நிலத்தில் சாய்த்து மண்ணால் மூட வேண்டும், வசந்தத்தில் காயப்படுத்தாமல் தோண்டி எடுத்துக் கட்ட வேண்டும். இது ஒரு தடவை செய்து முடிகிற வேலையல்ல, வருடா வருடம், கொடி கொடியாக. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விடும் ஊரில் இதற்கு ஆள் எங்கே?

ஆகவே கியோமியைக் காட்டு முந்திரிகையோடு கலந்தார்கள். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்துக் கழித்ததில் மிஞ்சியவற்றில் ஒன்றுதான் ‘யமசச்சி’. மண்ணால் மூடாமலே பனிக்காலத்தைத் தாண்டும். 2020இல் சர்வதேச முந்திரிகை, வைன் அமைப்பு அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. யப்பானிய வைன் இனங்களில் கோஷு, மஸ்கற் பெய்லி ஏ ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது அது.

நண்பர் கொண்டுவந்த போத்தல் யமசச்சிதான். மென்மையான வைன் பழகியவர்களுக்கு முதலில் பிடிக்காது. கொழுப்புள்ள இறைச்சியோடு குடித்தால் அந்தப் புளிப்பின் நியாயம் விளங்கும். கியோமியின் நிறம் வெளிறியது, உடலும் மெலிது, ஆனால் புளிப்பு அதிலும் உண்டு. குளிர்நாட்டு வைனில் அதை ஒளிக்க முடியாது. இக்கேடாக்காரர் ஒளிக்கவும் இல்லை. புளித்த வைன் காய்ச்சி வடிக்க உகந்தது என்று பிராந்தியும் செய்கிறார்கள், பிழிந்த சக்கையை மாட்டுக்குத் தீவனமாகப் போடுகிறார்கள்.

1974இல் மலைச் சரிவில் ஐரோப்பியக் கோட்டை போல ஒரு வைன் கட்டடமும் எழுப்பினார்கள். படத்தில் பார்த்தேன், அவ்வளவு அழகில்லை. வடிசாலை இன்றும் சபையின் சொத்துத்தான். ஊர்ச் சனத்துக்கென்றே ஒரு ரோசா நிற வைனும் மலிவு விலையில் வடிக்கிறார்கள். அது வெளியூர்க் கடைகளில் கிடைக்காது என்று நண்பர் சொன்னார்.