ரம்பத்தின் பெயர் மாறுங்கால்

ஜெர்மனியிலுள்ள டோல்மார் என்னும் குன்றில் 1927-ல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் சங்கிலி ரம்பத்தைச் சோதித்தார். குன்றின் பெயரே கம்பெனிக்கும் ஆயிற்று. 1991-ல் அக்கம்பெனி ஜப்பானிய மகிட்டாவின் வசமாயிற்று. நாளடைவில் பழைய பெயர் மறைந்தது. 2022 மார்ச்சுடன் மகிட்டாவும் பெட்ரோல் யந்திர உற்பத்தியை நிறுத்திற்று.

இத்தகைய மாறுதலில் முதலில் நஷ்டமடைபவர் சிறு வியாபாரியே. ஒரு பெயரை நம்பி உதிரிப்பாகங்களை வாங்கி அடுக்கி, பழுதுபார்க்கவும் கற்றவர் அவர். அவர் கடையை மூடினால் ரம்பம் வாங்கியவருக்கும் கஷ்டமே.

எனினும் சங்கிலியைப்பற்றி அஞ்சவேண்டுவதில்லை. கண்ணியிடைத் தூரம், வாள்பட்டைப் பள்ளத்தின் அகலம், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் வேறு கம்பெனிச் சங்கிலியும் பொருந்தும். பிஸ்டன், சிலிண்டர் முதலியனவோ அந்தந்த மாதிரிக்கே உரியவை. ஆதலால் வாங்குவோர் மாதிரி எண்ணைக் குறித்துவைத்து, பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்குமென முன்னரே விசாரித்தறிதல் நலம்.